கீழ் வரிசைப் பானை

நாகலாபுரம்,
9-9-2024

இடைசெவல் வீட்டுக்காரருக்குச் செல்வி எழுதுவது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மூக்கைச் சுளிக்காதீர்கள். இது நம் மகள் உமாதேவியின் உத்தரவு. நீங்கள் காலையிலும் நான் மாலையிலும் மதுரை ஹாஸ்டலுக்குப் போன் போட்டு ஒருவர் மேல் ஒருவர் கோள் சொன்னதில் அந்தப் பிள்ளைக்குப் பரீட்சைக்குப் படிக்க முடியவில்லையாம். "நீங்க ரெண்டு பேரும் பேசினா அது பேச்சில்லம்மா, ஏலம். இனிமே லெட்டர் எழுதுங்க. அதுலதான் ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் குறுக்க விழ முடியாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். இந்த ஒரு தடவையாவது முழுசாகக் கேளுங்கள்.

பந்தியில் பாதி இலையில் எழுந்து அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினது கோபத்தில்தான். அதில் மறைக்க என்ன இருக்கிறது? உங்கள் பெரியப்பா பேத்தி கல்யாணம். இலையில் இட்லி விழுந்ததும் எவனோ ஒருத்தன், "ஏ காளீஸ்வரா, இது கடை உளுந்தா, வெத உளுந்தா?" என்று கேட்டான். பந்தியே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அதோடு விட்டிருந்தால் நானும் இட்லியைத் தின்றுவிட்டு உங்கள் கூடவே வீடு வந்து சேர்ந்திருப்பேன். "அத ஏன் எங்கிட்ட கேக்குத? வெதப்பானைய எறக்கி வச்சவ அந்தா இருக்கா பாரு" என்று கையை நீட்டினீர்கள். அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்குமா?

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம் வீட்டில் மேல் வரிசைப் பானை விதைக்கு, கீழ் வரிசைப் பானை சமையலுக்கு. உங்கள் அம்மா வைத்த வழக்கம், எனக்கும் தெரியும். போன வருசம் விதைப்புக்கு முந்தி உளுந்துக்கு ஒரு வெயில் காட்டவேண்டும் என்று விதைப்பானையை இறக்கினேன். காயவைத்து, அள்ளிப் போட்டு, கீழே வைத்தேன். அன்றைக்கு வீடு நிறையச் சொந்தம். உங்கள் தங்கச்சி சுதாராணி பிள்ளைக்கு மறுநாள் கழுகுமலையில் மொட்டையும் காதுகுத்தும். நான் பூவும் வெற்றிலையும் வாங்கக் கோவில்பட்டி போயிருந்தேன். இட்லிக்கும் வடைக்கும் உளுந்து எங்கே இருக்கிறது என்று சுதா உங்களிடம் கேட்டாள். நீங்கள் பந்தலில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "கீழ் வரிசையில இருக்கு, எடுத்துக்கோ" என்றீர்கள்.

நான் வந்து பார்க்கும்போது நம் இரண்டு ஏக்கர் விதையும் கிரைண்டரில் நுரை கட்டிக்கொண்டிருந்தது.

கண்ணால் பார்க்காமல் வாயால் காட்டினது யார்? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

இசக்கிச்செல்வி


இடைசெவல்,
14-9-2024

செல்விக்கு,

கடிதம் வந்தது. முழுசாகப் படித்தேன். குறுக்கே பேச ஆளில்லாததால் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நீயே வக்கீல், நீயே ஜட்ஜ்.

நீ நைசாக விட்டுவிட்ட சங்கதியை நான் சொல்கிறேன். விதைப்பானை என்றால் வாயை மூடிச் சாணி போட்டு மெழுகியிருக்கும். மெழுகின பானையை எந்த வீட்டிலும் யாரும் தொடமாட்டார்கள். நீ வெயில் காட்டிவிட்டு மெழுகாமல் வைத்தாய். வாய் திறந்த பானை, கீழ் வரிசை, அடுப்புக்குப் பக்கம். அது சமையல் உளுந்து இல்லாமல் வேறு என்ன? நான் எழுந்து போய்ப் பார்த்திருந்தாலும் அதைத்தான் காட்டியிருப்பேன். பஸ்ஸுக்குப் போகிற போக்கில், "இங்கன வெத இருக்கு, யாரும் தொட்டுறாதிய" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் முத்தா உதிர்ந்திருக்கும்? மற்ற நேரம் எல்லாம் வாய் ஓயாதே உனக்கு.

அதற்கப்புறம் பட்டது யார்? கடை விதை வாங்கிப் போட்டேன். மஞ்சத்தேமல் நோய் விழுந்து காடே மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது. ஒரு நெற்றுகூட வீடு வந்து சேரவில்லை. ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் "வெத தின்ன வீடு" என்கிறான். பஞ்சத்தில்கூட எங்கள் தாத்தா விதையில் கை வைத்ததில்லை. அவர் பேரனுக்கு இந்தப் பட்டம். அதை நான் ஒருத்தனே எதற்குச் சுமக்க வேண்டும்? அதனால்தான் பந்தியில் கை நீட்டினேன். நாளைக்குக் கேட்டாலும் நீட்டுவேன்.

நீ பானையை வைத்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பெரியவர்கள் யாராவது வந்து கேட்டால் காட்ட வேண்டாமா? அடுப்படியில் அந்த வட்டத்தை யாரும் மிதிப்பதில்லை. யாரும் என்றால் நான்தான்.

சிவப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. உன் கோழி என்பதால் எழுதுகிறேன், வேறு ஒன்றும் இல்லை.

காளீஸ்வரன்


நாகலாபுரம்,
19-9-2024

இடைசெவல் இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

சாக்பீஸ் வட்டமா? அங்கே என்ன கொலையா விழுந்து கிடக்கிறது? இன்னும் மோப்ப நாய் ஒன்றுதான் பாக்கி. அதையும் வரவழைத்துவிடுங்கள், சட்டினி வாசம் பிடித்து நேரே உங்கள் முன்னால்தான் வந்து நிற்கும்.

வெயிலில் காய்ந்த உளுந்தைச் சூட்டோடு மூடி மெழுகினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ஒரு ராத்திரி ஆறவிட்டு மெழுகவேண்டும். இது உங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே தெரியாதவர் மாதிரி எழுதுகிறீர்களே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இங்கே நிலவரம் சொல்கிறேன். மூன்று வருசம் முந்தி நம் விதை உளுந்தில் கொஞ்சம் அண்ணனுக்குக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பெருமாள்சாமி அண்ணன் அதையேதான் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார். போன வருசத் தேமலுக்கும் அது அசையவில்லை. மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்தேன். நம் பானையில் இருந்த அதே உளுந்து, அதே மினுமினுப்பு. நம் வீட்டில் செத்துப்போனது இங்கே உயிரோடு இருக்கிறது.

ஆனால் அண்ணன் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "மாப்பிள்ளை சபையில தப்ப ஒத்துக்கிடட்டும். அதுவரைக்கும் இங்கயிருந்து வெதயும் போகாது, நீயும் போகப்பிடாது" என்கிறார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கும் அந்த ஆசை இருக்கத்தான் செய்கிறது. பந்தியில் நீட்டின கையை அதே ஆட்கள் முன்னால் நீங்கள் மடக்க வேண்டும்.

கோழிக்குக் கம்பு போடுங்கள். அடையில் இருப்பது தண்ணீருக்குத் தவிக்கும், கிண்ணம் பக்கத்திலேயே வையுங்கள்.

இசக்கிச்செல்வி


இடைசெவல்,
25-9-2024

செல்விக்கு,

மச்சான் மூட்டை மேல் உட்காரட்டும், படுக்கட்டும். எனக்கு அந்த விதை வேண்டாம். உலகத்தில் வேறு உளுந்தே இல்லையா?

சபைதானே வேண்டும்? நானே போய்க் கழுகுமலையில் பஞ்சாயத்துப் பேசுகிற தங்கப்பாண்டியன் அண்ணாச்சியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்துவிட்டேன். ஆயுத பூஜை லீவு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, 13-ஆம் தேதி, அவர் தீப்பெட்டி ஆபீஸில் வைத்து விசாரணை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வருவார்கள். நீயும் வா. வட்டத்தையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

ஊர் இரண்டாகிவிட்டது. டீக்கடையில் ஒரு பெஞ்சு உனக்கு, ஒரு பெஞ்சு எனக்கு. உன் பெஞ்சில் கூட்டம் ஜாஸ்தி. அந்த வயிற்றெரிச்சல் வேறு. என் பெஞ்சில் இருந்த செண்பகராஜ்கூட நேற்று, "அண்ணே, இங்கன வெயிலு அடிக்குது" என்று சொல்லி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான். அங்கேயும் அதே வெயில்தான்.

காடு உழுது கிடக்கிறது. வெடிப்பெல்லாம் உடைத்துப் புழுதியாக்கி வைத்துவிட்டேன். சாயங்காலம் மேற்கே மின்னுகிறது. எல்லாரும் விதை எடுத்து வெயில் காட்டுகிறார்கள். நான் கோவில்பட்டிக்குப் போய்க் கடை வாசல்வரைக்கும் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்தப் பாக்கெட்டைப் பார்த்தாலே மஞ்சள் காடு கண்ணுக்குள் வருகிறது. இந்த வருசமும் போனால் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நான் எங்கேயாவது செக்யூரிட்டி வேலைக்குப் போகவேண்டியதுதான். போகிறேன். அதற்காகத் தப்பை ஒத்துக்கொள்வேன் என்று நினைக்காதே.

கோழிக்குக் கிண்ணம் வைத்தாயிற்று.

காளீஸ்வரன்


நாகலாபுரம்,
2-10-2024

உங்களுக்கு,

இன்றைக்குச் சண்டை போட எழுதவில்லை. ஒன்று கேட்க எழுதுகிறேன், மழுப்பாமல் பதில் வேண்டும்.

அண்ணன் கழுகுமலைக்குப் போய்விட்டு நேற்று வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "முடிஞ்சிட்டு தாயி. அண்ணாச்சியும் நானும் பேசிட்டோம். ஒம் மேலயும் தப்பில்ல, மாப்பிள்ளை மேலயும் தப்பில்ல. எடுத்து ஆட்டினவ சுதாராணிதான. ஞாயித்துக்கிழம அவ சபையில ஒங் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுருவா. ரெண்டு வீட்டு மானமும் மிஞ்சிரும், நீ வெதய எடுத்துக்கிட்டு கெளம்பிரலாம்" என்றார்.

கேட்டதும் எனக்கு ஒரு நிமிசம் நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

அவள் என்ன செய்தாள்? கேட்டாள், காட்டினார்கள், எடுத்தாள். பிள்ளைக்குக் காதுகுத்து என்று ராத்திரி முழுக்கக் குனிந்து குனிந்து மாவு வழித்தாள். மறுநாள் முதல் தட்டு இட்லியை எனக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தாள், "மதினி, நீங்க நேத்துலருந்து சாப்பிடலையே" என்று. அவள் தீக்குச்சிக் கட்டை அடுக்குகிற வேலை பார்ப்பது அதே அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸில். கூட வேலை பார்க்கிறவர்கள் பார்க்க, கூலி கொடுக்கிறவர் பார்க்க, அவள் தரையில் விழவேண்டுமாம். அவள் மாமியார் ஏற்கெனவே அவளை "வெதய முழுங்கினவ" என்றுதான் கூப்பிடுகிறாளாம். சபையிலேயே தீர்ப்பாகிவிட்டால் அப்புறம் கேட்க வேண்டுமா?

நீங்களும் நானும் ஒரு வருசமாக அந்தப் பானையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். போய் விழுந்தது யார் தலையில் என்று பாருங்கள்.

அண்ணாச்சி இதைச் சொல்லும்போது நீங்களும் அங்கே இருந்தீர்களாம். தலையாட்டினீர்களாம். ஆட்டினீர்களா?

இசக்கிச்செல்வி


இடைசெவல்,
5-10-2024

செல்விக்கு,

ஆட்டவில்லை. குனிந்துகொண்டிருந்தேன். குனிந்த தலையை ஆட்டின தலை என்று வைத்துக்கொள்வது அவர்கள் வசதி. அங்கேயே எழுந்து பேசியிருக்க வேண்டாமா என்று கேட்பாய். கேள்.

நேற்று ஆபீஸ் விட்டதும் சுதா பஸ் பிடித்து இங்கே வந்தாள். கையில் ஒரு பையில் கடை உளுந்து. எதற்கு என்று கேட்டால் அழுகிறாள். "அண்ணே, நான்தான்னு சொல்லிருதேன். கால்ல விழுந்தா என்ன, மதினி கால்தான. அவிய வீட்டுக்கு வந்தாப் போதும்" என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஏட்டி, வாயப் பொத்து. நீ விழுந்தேன்னு கேள்விப்பட்டேன், ஒனக்கு அண்ணனே கெடையாது" என்று கத்திவிட்டேன். அவள் உட்கார்ந்து அழுத இடம் எது தெரியுமா? அந்தச் சாக்பீஸ் வட்டம். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை செல்வி. வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன்.

இன்று காலையில் முதல் வேலையாகக் கழுகுமலைக்குப் போனேன். "அண்ணாச்சி, சுதா பேரு இதுல வரப்பிடாது" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப யாரு மேல தப்புன்னு முடிக்க? ஒம் பேரும் வேண்டாங்குத, ஒம் பொண்டாட்டி பேரும் வேண்டாங்குத. ஏதாவது ஒரு பேரு வேணும்லா?" என்றார்.

"கிரைண்டர் மேல முடிங்க அண்ணாச்சி. ஆட்டினது அதுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பின்னாலேயே என்னமோ கத்தினார். கத்தட்டும்.

13-ஆம் தேதி நான் போகப்போவதில்லை. யார் சரி என்று கண்டுபிடித்து அவர்கள் அதைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறார்களா? அந்தத் தீர்ப்பை விதைத்தால் முளைக்குமா?

ஆனால் ஒன்று. பானையை மெழுகாமல் வைத்தது நீதான். அதில் மாற்றம் இல்லை.

நீ வா என்று எழுதமாட்டேன். எழுதினால் நான் தோற்றேன் என்று டீக்கடையில் இரண்டு பெஞ்சும் சேர்ந்து சொல்லும். வராதே என்றும் எழுதமாட்டேன். கோழி குஞ்சு பொரித்துவிட்டது. எண்ணிப் பார்க்க விடாமல் கொத்துகிறது. அப்படியே உன் குணம்.

காளீஸ்வரன்


நாகலாபுரம்,
8-10-2024

கிரைண்டர் வக்கீலுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்புறம் அண்ணன் முன்னால் போய் நின்றேன். "அண்ணே, மூட்டைய விட்டு எந்திரிங்க. அது எங்க வீட்டு வெத. நான் கொடுத்துவிட்டது" என்றேன். "தப்பு யாரு மேலன்னு தெரியாம வெத வெளிய போகாது" என்றார்.

"தப்பு யாரு மேலன்னு அந்த உளுந்துக்குத் தெரியுமாண்ணே? அதுக்குத் தெரிஞ்சது ஈரம் ஒண்ணுதான்" என்றேன்.

"அப்ப ஒனக்கு ரோசமே இல்லையாட்டி? பந்தியில கை நீட்டினான்லா?"

"ரோசம் நெறைய இருக்கு. அத வச்சுக்கிட்டு அவியகூட நான் நாப்பது வருசம் சண்ட போடுவேன். அது எங்க வீட்டுச் சண்ட. அதுக்கு நடுவுல சுதா கால்ல விழ வேண்டாம், நீங்க மூட்டைல ஒக்கார வேண்டாம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். போகட்டும், என் அண்ணன்தான், தீபாவளிக்கு வருவார். நான் மூட்டையைப் பிரித்து நமக்கு வேண்டியதை அளந்து கட்டி வைத்துவிட்டேன். அண்ணியும் கூட ஒரு கை பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எட்டயபுரம் வழி பஸ்ஸில் வாரேன். சமாதானம் ஆகிவிட்டது என்று டீக்கடையில் போய்ச் சொல்லாதீர்கள், ஆகவில்லை. நான் பானையை வைத்தது சரி. திரும்பிப் பார்க்காமல் காட்டினது நீங்கள். சாகிறவரைக்கும் சொல்லுவேன், விதைத்துக்கொண்டே சொல்லுவேன். வாய்தானே பேசும், கை சும்மாதானே இருக்கிறது.

ஒரு காரியம் செய்யுங்கள். அன்றைக்கு ஆயுத பூஜை, சுதாவுக்கு லீவு. காலையிலேயே வரச்சொல்லிவிடுங்கள். நம் காட்டில் முதல் கை விதை வீட்டில் பிறந்த பெண்தானே போடுவது? உங்கள் அத்தை போனதிலிருந்து நாம் அதை விட்டுவிட்டோம். இந்த வருசம் சுதா போடுவாள். ரோட்டோரக் காடு, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும். விதை தின்றவள் என்று சொன்ன வாயெல்லாம் அவள் விதை போடுகிறதையும் பார்க்கட்டும். அவள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லுங்கள். வரப்பில் உட்கார வைத்துக் காப்பி கொடுப்போம்.

இசக்கிச்செல்வி


வீட்டுக் கதவில் செருகியிருந்த சீட்டு
11-10-2024

செல்வி,

சாவி அதே இடத்தில். மழை முந்தாநாளே கொட்டித் தீர்த்துவிட்டது, இன்றைக்குத்தான் மண் காலில் ஒட்டாத பதம். நானும் சுதாவும் காட்டுக்குப் போகிறோம். அவள் மாமியாரும் வந்திருக்கிறாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. மூட்டையை நீ தூக்காதே, பஸ் ஸ்டாப்புக்கு நான் அனுப்பின செண்பகராஜே பைக்கில் காட்டுக்குக் கொண்டுவருவான். அவன் மறுபடி என் பெஞ்சுக்கு வந்துவிட்டான். நீ வராமல் முதல் கை போடமாட்டேன் என்று சுதா சொல்லிவிட்டாள், சீக்கிரம் வா.

அடுப்படி வட்டத்தை அழிக்கவில்லை. அழித்தால் ஒத்துக்கொண்டேன் என்று ஆகிவிடும்.

காளீஸ்வரன்


அதே சீட்டின் பின்பக்கம்

விதைப்பு முடிந்துவிட்டது. நான் சுதாவையும் அவள் மாமியாரையும் பஸ் ஏற்றிவிட்டு வருவதற்குள் நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்று எழுதி வைக்கிறேன். காட்டில் உங்கள் தங்கச்சி முன்னால் இதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

வட்டத்தை நானும் அழிக்கவில்லை. பார்த்தேன், நல்ல வட்டமாகத்தான் போட்டிருக்கிறீர்கள். விதைத்தது போக மிச்ச விதையைப் பானையில் போட்டு, அந்த வட்டத்துக்கு நடுவிலேயே வைத்திருக்கிறேன். கீழ் வரிசை. வாய் மெழுகவில்லை, மெழுகவும் மாட்டேன், ஆறட்டும்.

ராத்திரி மாவு ஆட்டி வைத்துக் காலையில் இட்லி சுடுகிறேன். சமையல் உளுந்து மேல் வரிசையில் இருக்கிறது. நான் வருவதற்குள் எடுத்து ஊறப்போட்டு வையுங்கள். இந்தத் தடவையாவது, பானையைத் திரும்பிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

செல்வி